பள்ளிக்கூடக் கேற்றைக் கழற்றினோம்

எங்கள் திணைக்களத்தில் பயிற்சி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பதாகை கட்டுவார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். தலைநகரிலிருந்து வந்த ஒருவர் சுவரில் வெளிச்சம் அடித்து ஆங்கிலத்தில் படங்கள் காட்டுவார். இடையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வரும். மத்தியானம் சோற்றுப் பார்சல். அதற்குப் பிறகு பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொள்வார்கள். பின்னேரம் சான்றிதழ் தந்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் வெள்ளம் வந்தால் அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நீந்தவேண்டியதுதான்.

நான் பொதுச் சுகாதார மருத்துவமாது. ஊரில் மிட்வைஃப் என்பார்கள். நேரில் மிஸ் என்பார்கள். நான் இல்லாத இடத்தில் வேறு பெயரும் உண்டு, அது எனக்குத் தெரியும். பிறந்தது விடத்தல்தீவில். மீனுக்கு விலை பேசிப் பழகிய வாய். குழைந்து கதைக்க வராது. இப்போது மற்ற மருத்துவமாதுகளை மேற்பார்வை செய்வதும் பயிற்சி கொடுப்பதும் வேலை. வெள்ளம், புயல், தொற்றுநோய் வந்தால் யார் எங்கே நிற்பது, எதை முதலில் செய்வது என்று சுகாதார ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. ஒரு கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டேன். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேள்வி கேட்டதற்குக் காரணம் ஒரு சாவு.

நறுவிலிக்குளத்துக்கு அந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. பாதிப் பேர் சொந்த வயல் செய்கிறவர்கள். மற்றப் பாதி, மலையகத் தோட்டங்களில் கலவரத்தில் அடிவாங்கித் தப்பி வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், கூலி வேலை செய்கிறவர்கள். தாழ்ந்த நிலம். அருவி ஆறு பெருகினால் தண்ணீர் நேரே அங்கேதான் வரும். அந்த ஆற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கள் தலைக்கு மேல் மழை விட்டு வெயில் எறித்த பிறகுதான் அது வரும். அது மேலே, வேறு மாவட்டத்தில் பெய்த மழை. வெள்ளம் வருகிறது என்று சொன்னால் சனம் வானத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கும்.

அந்தச் சாவு நடந்த மாரி காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் போய் அறிவித்தார்கள். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒருவரும் போகவில்லை. கட்டிலுக்கு மேல் மேசை, மேசைக்கு மேல் பிள்ளைகள் என்று வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நெல் மூட்டையைத் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் வடிந்தது. முதலில் வயிற்றோட்டம் வந்தது. பிறகு எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் கீறலோடு நின்றால் போதும். முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரிக் காட்டும். கண் சிவக்கும், கெண்டைக்கால் வலிக்கும். வயல் வேலை செய்கிறவனுக்குக் கால் வலிப்பது ஒரு புதினமா? குளிசை போட்டுவிட்டுப் படுப்பான். அதற்குள் நோய் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும்.

அப்படித்தான் ஒரு மனிதர் போனார். கூலி வேலை செய்கிறவர். அவருடைய கடைக்குட்டியை மாதாமாதம் தராசில் தூக்கிப் போட்டவள் நான். மன்னார்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே அவருடைய கண் மஞ்சளாகியிருந்தது. செத்தவீட்டில் அவருடைய மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில், அது ஒத்துழைக்காத கிராமம் என்று ஒரு மேலதிகாரி சொன்னார். விழிப்புணர்வு போதாதாம். எனக்கு விசர் வந்தது. அவர்கள் ஏன் வரவில்லை என்று யாராவது போய்க் கேட்டீர்களா என்று எழும்பிக் கேட்டேன். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அப்படியானால் நீங்களே அந்தக் கிராமத்தில் ஒரு பயிற்சியை நடத்துங்கள் என்றார் அவர், சிரித்துக்கொண்டு. நடத்துகிறேன் என்றேன். அடுத்த மாரிக்கு முன்னால் அந்தச் சனம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரப் பழகவேண்டும். பழகாவிட்டால் இன்னொரு செத்தவீட்டு முற்றத்தில் நான் வாய் பேசாமல் நிற்கவேண்டும். என்னால் முடியாது.

பயிற்சிக்கு வந்தவர்கள் எங்கள் கந்தோர் ஆட்கள்தான். இரண்டு மூன்று மருத்துவமாதுகள், நுளம்புக்கு மருந்தடிக்கிற வேலை செய்கிறவர்கள், கிராமத்திலிருந்து சில தொண்டர்கள். அவர்களை நடத்துவதற்கு ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வன்னியில் பிறந்த இளம் மனிதர், கெட்டிக்காரர், சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலாகவே செய்வார். தொண்டர்களில் ஒருத்தி எலிக்காய்ச்சலில் செத்த அந்த மனிதருடைய மனைவி. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே வந்து கடைசி வாங்கில் இருந்தாள்.

மேலிடத்திலிருந்து ஒரு கைநூல் வந்திருந்தது. சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ யாரோ தமிழாக்கியது. அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘வெளியேற்றம்’ என்று இருந்தது. வெளியேற்ற ஒத்திகை, வெளியேற்றப்பட வேண்டியோர், வெளியேற்றப் பாதை. முசலிப் பக்கம் போய் முஸ்லிம் சனத்திடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர்களை ஊரை விட்டே துரத்தியதற்குப் பெயர் அது. எங்கள் பக்கத்துக்குச் சண்டையில் இடம்பெயர்ந்த வேறு கதை, ஆனால் சொல் அதேதான். மொழிபெயர்த்தவர் இந்த நாட்டில் இருந்தாரா, சந்திரனில் இருந்தாரா தெரியாது. கத்திவிட்டு, அந்தச் சொல்லைப் பேனாவால் வெட்டினேன். சொல்லை வெட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகை நாள் காலையிலேயே பரிசோதகர் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டார். நான் போனபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஒரு பாதிக் கதவை மூடி, ஒரு பாதியை மட்டும் திறந்த இரும்புக் கேற். அதற்கு முன்னால் இரண்டு கயிறு, ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. கேற்றடியில் மேசை, மேசைக்குப் பின்னால் பெயர் பதிய ஒருவர். கொண்டுவரும் பைகளை வைக்க ஒரு மூலை. நோய் உள்ளவரை முதலிலேயே பிரித்தெடுக்க, கொரோனா காலத்தில் தந்த காய்ச்சல் பார்க்கும் கருவியோடு ஒரு ஊழியர். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரிப் பிடித்து விசையை அமத்துவார்கள், அதுதான். சனம் அதைத் துவக்கு என்று சொல்லும். எல்லோருக்கும் நீட்டுக் கறுப்புச் சப்பாத்து. நானும் பார்த்துவிட்டு நல்லது என்றேன்.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பொதுமக்கள் அனைவரும் அத்தியாவசியப் பொருட்களுடன் உடனடியாகப் பாடசாலைக்குச் செல்லவும்.

சனம் வந்தது. இது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் வரமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வீடு வீடாக வந்தார்கள், கையில் பை, இடுப்பில் பிள்ளை. தெருவுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற மருத மரத்தடி வரைக்கும் வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள். தெருவைக் கடக்கவில்லை. பரிசோதகர் கைகாட்டிக் கூப்பிட்டார். அசையவில்லை. வரிசைக்கு வரும்படி ஒலிபெருக்கியில் ஒரு முறை சொன்னார். இரண்டு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

அப்போது ஒருவர் மட்டும் தெருவைக் கடந்து வந்தார். நாலைந்து ஏக்கர் வயல் செய்கிற மனிதர், ஐம்பது வயதிருக்கும், ஊரில் நக்கலுக்குப் பேர்போனவர். செத்தவீட்டிலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவார். கேற்றுக்கு முன்னால் வந்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டினார். சேட்டை இரண்டு கையாலும் நெஞ்சு வரைக்கும் தூக்கினார். அப்படியே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார், முதுகையும் காட்டி.

“காணுமோ மிஸ்? இல்லாட்டி அடையாள அட்டையும் எடுக்கவோ?”

மருத மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. நான் கயிறுகளைப் பார்த்தேன். மேசையைப் பார்த்தேன். பைகள் வைக்கிற மூலையைப் பார்த்தேன். இந்த இடத்தை எனக்குத் தெரியும். தள்ளாடியில் தெரியும், மடுவில் தெரியும், பேருந்திலிருந்து இறங்கி நடந்து போய்த் திரும்ப ஏறிய ஒவ்வொரு சந்தியிலும் தெரியும். சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடி அது. ஒரு ஆணி பிசகவில்லை.

கைநூலில் கயிறு கட்டச் சொல்லி இருக்கவில்லை. ஆண் பெண் பிரிக்கச் சொல்லி இருக்கவில்லை. பையை மூலையில் வைக்கச் சொல்லவில்லை. நிறையச் சனம் வந்தால் எப்படி வரவேற்பது என்று எங்கள் ஆட்களிடம் விட்டுவிட்டோம், அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கட்டினார்கள். வேறு என்ன தெரியும் அவர்களுக்கு? பரிசோதகர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

“நான் இந்த லைனில நிண்டனான் மிஸ்,” என்றார். “அம்மாவின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அப்பாவை மற்ற லைனுக்கு விட்டவங்கள். நானே இப்ப அதைக் கட்டி வச்சிருக்கிறன்.”

அவருடைய அப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கிற விடயமில்லை.

கடைசி வாங்கில் இருந்த அவள் அன்றைக்கு எங்கள் பக்கம்தான் நின்றாள், தொண்டருக்குரிய மேலங்கியோடு. அவள் என்னிடம் வந்தாள். பத்து மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். தோட்டத்துப் பேச்சு இன்னும் அவளிடம் இருக்கிறது, பெற்றோரிடமிருந்து வந்தது.

“அன்னைக்கும் இப்படித்தான் மிஸ் கத்திக்கிட்டுப் போனாங்க. போ, போன்னு. எங்க வீட்டுக்காரர் பையெல்லாம் கட்டிட்டாரு. வாசல்ல நின்னு யோசிச்சாரு. ‘போன்னுதானே சொல்றாங்க, எப்ப திரும்பி வரலாம்னு ஒருத்தனும் சொல்லலியே, போன தடவ முகாமுக்குப் போயி எத்தன வருசம் கெடந்தோம்’னாரு. பையை அவுத்துட்டாரு.”

இவ்வளவுதான் காரணம். விழிப்புணர்வு போதாதாம்! அந்த மனிதருக்கு இருந்த விழிப்புணர்வில் பாதி எங்களுக்கு இருக்கவில்லை. எங்களில் யாரும் வீட்டை விட்டு இறங்கும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்கிறோம். வெறும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால் வீட்டில் இருப்பவர்கள் வாயில் அடிப்பார்கள், அது திரும்பி வராதவன் சொல்கிற சொல். அப்படிப்பட்ட சனத்திடம் போய் நாங்கள் ஒலிபெருக்கி வைத்து ‘செல்லவும்’ என்று கத்தியிருக்கிறோம்.

அன்றைக்கு ஒத்திகையை அதோடு விட்டேன். மருத மரத்தடிக்கு நானே போனேன், சனத்தை வீட்டுக்குப் போகச் சொன்னேன், அடுத்த கிழமை வேறு மாதிரிச் செய்வோம் என்று சொன்னேன். பிறகு எங்கள் ஆட்களை ஒரு வகுப்பறைக்குள் இருத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். கைநூலை ஒருவரும் திறக்கவில்லை. ஒரு கேள்விதான்: கலியாண வீட்டுக்குச் சனம் வந்தால் என்ன செய்வீர்கள்? வாசலில் மேசை போடுவீர்களா? நெற்றியில் துவக்கு வைப்பீர்களா? வாங்கோ என்பீர்கள். இருத்துவீர்கள். தேத்தண்ணி கொடுப்பீர்கள். அதற்குப் பிறகுதான் எந்த ஊர், யாருடைய ஆள் என்ற கதையெல்லாம். அதையே செய்யுங்கள் என்றேன்.

வரிசை இல்லை, பாய். குடும்பம் ஒரு பாயில் சேர்ந்து இருக்கும், ஆண் பெண் பிரிப்பு இல்லை. ஊழியர்தான் பாய் பாயாகப் போய்ப் பக்கத்தில் குந்தி இருந்து, கையைத் தொட்டுப் பார்த்து, சூடென்றால் கக்கத்தில் வெப்பமானி வைத்து, வயிற்றால் போகிறதா என்று காதோடு கேட்பார். பெயர் வேண்டியதுதான், நோய் வந்தால் தேடுவதற்கு. அதைத் தேத்தண்ணி குடித்த பிறகு கேட்பது. யாரும் மாட்டைப் பார்க்க, வீட்டைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் போகலாம். தனியாகப் போகக்கூடாது, அவ்வளவுதான். தண்ணீரில் இறங்குகிறவருக்கு எலிக்காய்ச்சல் குளிசை. ஒலிபெருக்கி இல்லை. வீடு வீடாகத் தொண்டர் போய் ஒரு சொல்லைத்தான் சொல்லவேண்டும்: ‘வாங்கோ, பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வருவம்.’

அந்தச் சொல்லைப் பழக்குவதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. அரசாங்க வேலைக்கு வந்தவனுக்கு ‘உடனடியாக’ என்று தொடங்காமல் வாய் திறக்காது. ஒரு மருத்துவமாது நாலு முறையும் ‘தயவுசெய்து ஒத்துழைக்கவும்’ என்றே முடித்தாள். ஐந்தாம் முறை நான் கத்தியதில் அழுதுவிட்டாள். ஆனால் சரியாகச் சொன்னாள்.

கேற்றைப் பற்றி முடிவெடுத்தது பரிசோதகர். திறந்து வைத்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். திறந்த கேற்றை யாரும் மூடலாம். பள்ளிக்கூட அதிபரிடம் போனோம். கேற்றைக் கழற்றினால் மாடு உள்ளே வந்துவிடும் என்றார் அவர். வரட்டும், மாட்டையும் கொண்டுவரச் சொல்லித்தான் சொல்லப்போகிறோம் என்றேன். அப்படியானால் மாரி முடிய நீங்களே அதைத் திரும்ப மாட்டித் தரவேண்டும் என்றார். பரிசோதகரும் நுளம்பு வேலை செய்கிற இரண்டு பேரும் சேர்ந்து கேற்றைக் கொண்டியிலிருந்து தூக்கி, மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். கறள் பிடித்த இரும்பு. பரிசோதகரின் கை கிழிந்து இரத்தம் வந்தது. இரும்புக் காயம் விஷமாகாமல் ஏற்பு ஊசி போட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

இரண்டாம் ஒத்திகைக்குப் பாதிச் சனம் வந்தது. தெருவைக் கடந்து வந்தது. நக்கல்காரர் ஒரு பாயின் நடுவில் சப்பாணி கட்டி இருந்து, கலியாண வீடென்று சொன்னியளாம், பொம்பிளை மாப்பிளை எங்கே என்று கேட்டார். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சண்டை பிடித்தார். மூன்றாம் ஒத்திகைக்கு மிச்சப் பாதியும் வந்தது, சீனியைப் பற்றிக் கேள்விப்பட்டு.

பிறகு மாரி தொடங்கியது.

ஆறு வந்த அன்றைக்கு நான் மன்னார்த் தீவில், தலைமன்னார்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் இருந்தேன். விடாமல் பெய்த மழை விட்டு, நல்ல வெயில். பரிசோதகர் தொலைபேசியில் சொன்னார், மேலே குளங்களின் கதவுகளைத் திறந்துவிட்டார்களாம், ஆறு வருகிறதாம், தொண்டர்கள் வீடுகளுக்கு இறங்கிவிட்டார்களாம். நான் கிளினிக்கை மற்றவளிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாலத்தில் காற்று என்னைத் தள்ளியது. இரண்டு பக்கமும் கடல் கலங்கிப் போயிருந்தது. வழி முழுக்க எனக்கு ஒரே நினைவு, அவர்கள் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வெயில் எறிக்கிறது. யார் நம்புவார்கள்? போய்ச் சேரும்போது வெறும் பாயும் எங்கள் ஆட்களும்தான் இருக்கும்.

நறுவிலிக்குளம் தாண்டித் திரும்பினேன். தெருவை அடைத்துக்கொண்டு உழவு இயந்திரம். அதன் பெட்டியில் பெண்கள், பிள்ளைகள், நெல் மூட்டை, கோழிக்கூடு, ஒரு தையல் மெசின். அதற்கு முன்னால் இன்னொரு உழவு இயந்திரம். அதற்கு முன்னால் சைக்கிள்கள், ஆடுகள், நடந்து போகிறவர்கள். யாரும் ஓடவில்லை. கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரிக் கதைத்துக்கொண்டு போனார்கள். ஒரு மனிசி என்னைக் கண்டுவிட்டு, ஏன் மிஸ் பிந்தி வாறியள் என்று கேட்டாள். தெருவை விடுங்கோ, ஆட்டைப் பிடியுங்கோ என்று கத்திச் சமாளித்தேன்.

கேற் இருந்த இடத்தில் இரண்டு தூண்கள். ஒரு தூணடியில் அவள் நின்றாள், புருசனை இழந்தவள். ஒவ்வொரு குடும்பத்தையும் வாங்க, வாங்க என்று கூப்பிட்டு, பிள்ளையைக் கையில் வாங்கி, எந்தப் பாய் என்று காட்டினாள். கூடவே அந்தந்த வீட்டில் யார் மிச்சம் என்று கேட்டாள். ஒரு வீட்டுக் கிழவனும் கிழவியும் மிச்சம் என்று தெரிந்ததும், பரிசோதகர் உழவு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஏற்றிவந்தார். கடைசியாக வந்தவர் நக்கல்காரர், மூன்று மாட்டோடு. மாடு நேரே உள்ளே போய் அதிபரின் பூமரத்தைக் கடித்தது.

பின்னேரம் தண்ணீர் வந்தது. வயலை மூடியது, தெருவை மூடியது, மருத மரத்தின் அடியை மூடியது. தாழ்ந்த வீடுகளில் யன்னல் மட்டத்துக்கு ஏறியது. முதல் வெள்ளத்தைவிட இது உயரம். பள்ளிக்கூட மேட்டில் நின்று எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் ஒருவரும் இல்லை. ஒருவர்கூட இல்லை. நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஒரு அதிகாரி படகில் வந்தார், நிவாரணப் பொதிகளும் ஒரு பதாகையும் கொண்டு. பொதி கொடுப்பதற்குச் சனத்தை வரிசையில் நிறுத்தும்படி எங்கள் ஆட்களிடம் சொன்னார். படம் எடுக்கவேண்டுமாம். முதல் ஒத்திகையில் கயிறு கட்டிய அதே பரிசோதகர் எழும்பி வந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் திறந்தார்.

“இஞ்ச வரிசை இல்லை சேர். பாயிலதான் கொடுக்கிறது. நீங்களும் ஒரு பாயில இருங்கோ, தேத்தண்ணி வரும்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பாயைத் தட்டிக் காட்டினேன். இருந்தார். தேத்தண்ணி வந்தது. குடித்தார். பதாகை படகிலேயே கிடந்தது.

அங்கே இருந்த நாட்களில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வயிற்றோட்டம் வந்தது. பாய் பாயாகப் போன மருத்துவமாது, ‘ஒத்துழைக்கவும்’ என்று அழுதவள்தான், காதோடு கேட்டுக் கண்டுபிடித்தாள். பிள்ளையையும் தாயையும் தனி அறையில் வைத்தோம். மலசலகூடத்தை மணிக்கு மணி கழுவினோம். குடிக்கிற தண்ணீர் கொதித்தாறியது மட்டும். இரண்டாவது பிள்ளைக்கு வரவில்லை. ஆண்கள் மாடு பார்க்கப் போய் வந்தார்கள், இருவர் இருவராக, குளிசை விழுங்கிவிட்டு. போகிற ஒவ்வொருவரும் தூணடியில் நின்று, போயிட்டு வாறம் என்று சொன்னார்கள். யாரும் அவர்களை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்து சனம் வீடு திரும்பியது. கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட்டோம். எனக்கு அதற்குப் பிறகுதான் பயம். எலிக்காய்ச்சல் உடனே வராது. எல்லோரும் களைத்துப்போய், சேற்றைக் கழுவி, இனி ஒன்றுமில்லை என்று இருக்கிற நேரம் பார்த்துத்தான் வரும். சென்ற முறையும் அப்படித்தான் வந்தது. தொண்டர்கள் தினமும் தங்கள் பங்கு வீடுகளுக்குப் போகவேண்டும், காய்ச்சலா, கண் சிவப்பா, கெண்டைக்கால் நோவா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் காலை, தூணடியில் நின்ற அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நக்கல்காரரின் வீட்டிலிருந்து எடுத்தாள். மனிதர் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறாராம். காய்ச்சலாம், வெறும் தடிமன் சளிதான் என்கிறாராம், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம். கண் இரத்தமாக இருக்கிறதாம். காலை அமத்தியதும் கத்தினாராம். குளிசை விழுங்கினீர்களா என்று கேட்டாளாம். வயிற்றைப் பிரட்டும் என்று வாங்கி வாங்கிச் சேட்டுப் பையில் வைத்திருக்கிறார் மனிதர்.

நான் அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். போனபோது அவள் அவருடைய கட்டிலடியில் நின்று, பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சாரம், துவாய், சீப்பு. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். நக்கல் ஒன்றும் வரவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் கட்டிய பையை அவருடைய நெஞ்சில் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரு அவுத்துட்டாரு, அண்ணே. நீங்க அவுக்கக்கூடாது. எந்திரிங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழும்பினார். கால் தாங்கவில்லை. அவளும் அவருடைய மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்புலன்சுக்கு நடத்தினார்கள். ஏறும்போது அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார், போயிட்டு வாறன் என்று.

நேரத்துக்குப் போய்விட்டார். சிறுநீரகத்தைத் தொட முன்பு பிடித்துவிட்டோம் என்று வைத்தியர் சொன்னார். அந்தக் குடியிருப்பில் இன்னும் சிலருக்குக் காய்ச்சல் வந்தது, எல்லோரையும் முதல் இரண்டு நாளுக்குள் அனுப்பினோம். ஒருவரும் சாகவில்லை. இதை நான் அடுத்த கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன், மெல்லச் சொல்லவில்லை. ஒத்துழைக்காத கிராமம் என்ற அந்த அதிகாரி குனிந்து தன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். முசலிக்கும் இந்தப் பயிற்சி வேண்டும் என்று அங்கிருந்து வந்தவர்கள் அதே கூட்டத்தில் கேட்டார்கள். பயிற்றுவிக்கப் போகிறவர்களில் முதல் பெயராக அவளுடையதைக் கொடுத்தேன்.

நக்கல்காரர் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு பார்க்கப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார், பாதியாக மெலிந்து. மனைவி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“மிஸ், உங்கட மருந்து போட்ட கிணத்துத் தண்ணி. தேத்தண்ணி நாறுது. பெரியாஸ்பத்திரியில எவ்வளவு நல்ல தேத்தண்ணி தெரியுமோ?”

“நாறட்டும்,” என்றேன். “குடியுங்கோ அண்ணை.”

குடித்தார். பிறகு இன்னொரு தேத்தண்ணி கேட்டார், சீனி கூடப் போட்டு.